முழுசாக எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கேள்வி: 3 மார்ச் 2024, காலை 10.12

நாங்கள் நாலு பேர். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மருந்தகச் சரக்குக் கணக்கு மென்பொருள் செய்து தரப் பேசி முடித்திருக்கிறோம். எங்கள் லீட் அஜைல்தான் என்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ, போகப் போகத் திருத்தம். ஆஸ்பத்திரி நிர்வாகியோ, "மொத்தம் எவ்வளவு, எத்தனை மாசம், என்னென்ன வரும், எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்கிறார். எல்லாத்தையும் முதலிலேயே எழுதி முடித்துப் படிப்படியாக இறங்கும் வாட்டர்ஃபால் முறை செத்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது? அக்கா, அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 3 மார்ச், பகல் 1.05

நிர்வாகி கேட்பதில் என்ன தப்பு? காசு கொடுப்பவர் எவ்வளவு, எப்போது, என்ன என்றுதான் கேட்பார். வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் நீங்கள் கேட்க மாட்டீர்களா?

அப்புறம், செத்துவிட்டது என்கிறீர்கள். அது பிறந்த கதையே தகராறு. 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் பெரிய மென்பொருள் வேலைகளை நடத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதி வாசித்தார். விண்கலத் திட்டங்களுக்கு மென்பொருள் செய்து பழகியவர். தேவை, ஆய்வு, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படியிறங்கி வரும் அந்தப் பிரபலமான படம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. படத்தை ஒட்டியே, இதை இப்படியே செய்தால் தோல்வியை வெத்திலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி என்கிற பொருளில் எழுதியும் இருக்கிறார். வாட்டர்ஃபால் என்ற சொல் அந்தக் கட்டுரையில் எங்கேயும் கிடையாது. படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். ராய்ஸ் உண்மையில் அஜைல்காரர், முப்பது வருஷம் முன்னால் பிறந்துவிட்டார்.

3 மார்ச், இரவு 10.50

பகலில் அவசரத்தில் எழுதினேன். சொல்ல வந்தது வேறு.

2001. எனக்கு வேலையில் மூன்றாவது வருஷம். ஈரோட்டில் ஒரு பார்சல் சர்வீஸ், பெயர் வேண்டாம். புக்கிங் முதல் டெலிவரி வரை கணினியில் வர வேண்டும். விஷுவல் பேசிக் (வி.பி.) 6 மொழியில் நிரல், பின்னால் தரவு வைக்க அக்சஸ். கிளைகளுக்கு நடுவே லைன் எதுவும் கிடையாது. ராத்திரி லாரியில் எல்.ஆர். (சரக்குக்குப் போடும் லாரி ரசீது) காப்பிக் கட்டோடு ஒரு ஃபிளாப்பியும் டிரைவர் கையில் போகும், காலையில் சென்னை குடோனில் அதைப் போட்டு ஏற்றிக்கொள்வார்கள். ஒருமுறை டிரைவர் ஃபிளாப்பியை கேபினில் இருந்த ஸ்பீக்கர் மேல் வைத்து, விழுப்புரம் வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்விட்டார். காந்தம் தின்றது போக மிச்சம் ஒன்றும் தேறவில்லை.

தேவைகளை 140 பக்கம் எழுதினோம். முதலாளி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். படித்துப் போட்டாரா என்று கேட்காதீர்கள். குடோன் கிளார்க்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், வாயே திறக்கவில்லை. 55 வயது இருக்கும், அந்த குடோனிலேயே கிடந்தவர்.

அடுத்த ஏப்ரலில் ஓட்டத் தொடங்கினோம். மாதக் கணக்கு எடுத்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் காட்டினார். எல்.ஆர். எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று ஒட்டு, வாடகை ஒரு ரூபாய். இப்படி இருநூறுக்கு மேல். "யாருங்க ஒரு ரூபாய்க்கு பண்டல் அனுப்பறது? எனக்கே அந்த ரேட் கிடைக்குமா?" என்றார்.

அன்று ராத்திரி குடோனில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு லோடிங். பெட்ஷீட் பண்டல் இருபது, ஒரே பார்ட்டி, ஒரே சீட்டு. பன்னிரண்டு ஏறியதும் வண்டி நிறைந்துவிட்டது. எட்டு கீழேயே நின்றது. கிளார்க் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். எல்.ஆர். எண், 20, அடித்து 12, பக்கத்தில் "மிச்சம் 8 நாளைக்கு", வண்டி எண். எழுதி முடித்து நோட்டை மூடிவிட்டு, கணினிப் பக்கம் திரும்பி, அந்த எட்டுக்கு ஒரு புதுச் சீட்டுப் போட்டார். வாடகை என்ற பெட்டியில் சைபர் அடித்தார். ஏற்காது. சைபர் வரக்கூடாது என்று தடை போட்டது நான்தான், பெருமையாக. அவர் சலித்துக்கொள்ளாமல் 1 அடித்தார். ஏற்றுக்கொண்டது.

"உங்க கம்ப்யூட்டரு ஒரு சீட்டுக்கு ஒரு வண்டிதான்னு அடம் புடிக்குது கண்ணு. அதுக்கு ஒரு பொய்ச்சீட்டப் போட்டுக் குடுத்துட்டு, நெசத்த நான் இதுல எழுதிக்கறேன்."

எங்கள் தரவு அட்டவணையில் எல்.ஆர். வரிசையிலேயே டிரிப் எண்ணுக்கு ஒற்றைப் பத்திதான், அதாவது ஒரு சீட்டுக்கு ஒரே வண்டி. 140 பக்கத்தில் எங்கேயும் "பாதி ஏறலாம்" என்று இல்லை. அவர் நோட்டில் இரண்டு கோடு. அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து வாரம், ஏனென்றால் எல்லா ரிப்போர்ட்டும் அந்த ஒற்றைப் பத்தி மேல் நின்றன.

4 மார்ச், காலை 8.30

திருத்தம். நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு அந்தக் காலத்துச் சகா ஒருவர் ராத்திரியே வாட்ஸாப்பில் வந்தார். குடோன் கிளார்க் கூட்டத்தில் இல்லவே இல்லையாம். மாடி ஆபீஸ் மேனேஜரும் கணக்குப்பிள்ளையும்தான் இருந்தார்கள். கிளார்க் நடுவில் ஒரு நிமிஷம் உள்ளே வந்தது குடோன் சாவி வாங்க. எங்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி. சாவிக் கொத்துச் சத்தம் கூட நினைவுக்கு வருகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் போகிற இடமெல்லாம் "யூசர் வாய் திறக்க மாட்டார்கள்" என்பதற்கு உதாரணமாக அவரைச் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் கேட்காத கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்லியிருப்பார்?

6 மார்ச், இரவு 9.15

வாசகர் ஒருவர் ராய்ஸின் மூலக் கட்டுரையையே படித்துவிட்டு வந்து என்னைப் பிடித்திருக்கிறார். சரியான பிடி. நான் ராய்ஸை அஜைல்காரர் ஆக்கியது அபாண்டம்.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். படிப்படியாக இறங்கும் அந்த அடிப்படை எண்ணத்தில் தனக்கு நம்பிக்கை உண்டு என்றும் அவர் அங்கேயே சொல்கிறார். ஆபத்து என்றது, ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறங்கி, சோதனையைக் கடைசிக்கு விடுவதை. அதற்கு அவர் தரும் மருந்தில் பெரிய பங்கு ஆவணம். 50 லட்சம் டாலருக்கு ஒரு கருவி வாங்க 30 பக்க விவரக்குறிப்பு போதும், அதே தொகைக்கு மென்பொருள் என்றால் 1,500 பக்கம் வேண்டும் என்கிறார். எங்கள் 140 பக்கத்தைப் பார்த்திருந்தால் துண்டுச் சீட்டு என்று ஒதுக்கியிருப்பார்.

இன்னொரு மருந்து: புதிதாகச் செய்யும் பொருள் என்றால் இரண்டு தடவை செய். முப்பது மாத வேலை என்றால் பத்து மாதத்தில் ஒரு சின்ன மாதிரியைச் செய்து பார், அதில் அடிபட்டுக் கற்றுக்கொள், வாடிக்கையாளர் கைக்குப் போவது இரண்டாவது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஐ.பி.எம்.-இல் ஓ.எஸ்./360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸும் 1975-இல் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: எப்படியும் ஒன்றைத் தூக்கித்தான் எறியப் போகிறாய், முன்கூட்டியே திட்டம் போட்டு எறி. இருபது வருஷம் கழித்து, 1995-இல், அது தப்பு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதுதான் சரி என்று தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டார். அவருக்கே இருபது வருஷம் பிடித்திருக்கிறது, எனக்கு மூன்று நாள்.

9 மார்ச், பகல் 12.20

"அப்போ தப்பு வாட்டர்ஃபால் மேலதானே அக்கா? அஜைலா இருந்திருந்தா முதல் ரெண்டு வாரத்துலயே தெரிஞ்சிருக்குமே" என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

2011, சென்னை, ஓ.எம்.ஆர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குக் குளிர்பதனக் கிடங்கு மென்பொருள். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம், சுத்தமாக. ஸ்பிரிண்ட் என்கிற இரண்டு வார வேலைத் தவணை, ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் டெமோ, சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. என்ன வேண்டும் என்று வாடிக்கையாளர் சார்பில் சொல்லும் ப்ராடக்ட் ஓனர் அந்த ஊர்த் தலைமை அலுவலகத்தில் இருந்தார், ரொம்ப நல்ல மனுஷி, எந்தக் கேள்விக்கும் அன்றைக்கே பதில் வரும். ஒரு வருஷம், 26 ஸ்பிரிண்ட், ஒரு டெமோ கூடத் தவறவில்லை.

கிடங்கில் ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு புகைப்படம் வந்தது. கையடக்கக் கருவியைப் பிடித்தபடி ஒரு தொழிலாளி, ஒரு கையில் தடித்த உறை, இன்னொரு கை வெறுங்கை, விரல்நுனி சிவந்து கிடக்கிறது. உள்ளே உறைநிலைக்குக் கீழே குளிர். உறை போட்ட விரலுக்கு எங்கள் பட்டன்கள் சிக்கவில்லை, நாங்கள் ஒரு திரையில் ஒன்பது பட்டன் வைத்திருந்தோம். டெமோ நடந்ததெல்லாம் தரைவிரிப்பு போட்ட அறையில். கிடங்கில் வேலை செய்பவர் ஒருவர் கூட 26-இல் ஒன்றைப் பார்க்கவில்லை.

அதே குடோன் கிளார்க், வேறு நாடு. முதலில் 140 பக்கம் மறைத்துக்கொண்டது, அடுத்தது ஒரு நல்ல மனுஷி.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பனிச்சறுக்கு விடுதியொன்றில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதை ஒப்பந்தப் பேச்சுக்கு மேலே வைக்கிறது. வாடிக்கையாளர் என்றால் யார் என்றுதான் நாம் கேட்டுக்கொள்வதில்லை. அதற்கு முன்னால், அஜைல் வகைகளில் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை வளர்ந்தது கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் வேலையில், 1996 வாக்கில். வேலை தெரிந்த ஆள் ஒருவர் புரோகிராமர்களோடு ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போடும் அளவுக்கு அது ஓடியது. ஆனால் அப்படி உட்கார்ந்திருந்தவர் வேலைப் பளு தாங்காமல் விலகிப் போனார், அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. 2000-இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நம் குடோன் கிளார்க்கைப் பகலில் பக்கத்தில் உட்காரவைத்தால், ராத்திரி லோடிங்கை யார் பார்ப்பது?

9 மார்ச், மாலை 5.40

ஸ்டோரி பாயிண்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று அஜைல் டீம் போடும் எண்) பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் டீமில் 3 என்றால் தெரியும், 5 என்றால் தெரியும் என்று நினைக்கிறேன், 8 என்றால் தெரியாது, 13 என்றால் அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

17 மார்ச், காலை 11.00

முறையே முக்கியமில்லை என்று நான் சொல்வதாக ஒருவர் கோபித்திருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. முறையின் பெயர் காகிதத்தில் இருப்பதும் முறை நடப்பதும் ஒன்றில்லை என்கிறேன். லண்டன் ஆம்புலன்ஸ் கதையைச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் பாதிதான் வரும்.

கிட்டத்தட்ட 70 லட்சம் மக்களுக்கு ஒரே ஆம்புலன்ஸ் சேவை, நாளொன்றுக்கு 2,000-க்கு மேல் அழைப்பு. பழைய ஏற்பாடு இது: அழைப்பை எடுப்பவர் ஒரு படிவத்தில் எழுதுவார், வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறிப்பார், படிவத்தை ஓடும் பட்டையில் வைப்பார். பட்டையின் மறுமுனையில் ஒருவர் எல்லாப் படிவத்தையும் வாங்கி, இது எந்தப் பகுதி என்று பிரித்துத் தள்ளுவார். மெதுவான ஏற்பாடுதான், மாற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த மறுமுனை ஆளைக் கவனியுங்கள். ஒரே விபத்துக்கு நாலு பேர் போன் செய்தால், நாலு படிவமும் அவர் கையில்தான் வந்து சேரும். "இது அதேதான்" என்று சேர்த்துப் பிடித்துவிடுவார். இருபது பண்டலை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதிய அதே கை.

புது ஏற்பாட்டில் கணினியே கிட்டத்தில் இருக்கும் வண்டியைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். 1992 ஜனவரி 8-க்குள் முழுவதும் முடிய வேண்டும் என்று தேதி குறித்துவிட்டுத்தான் டெண்டரே விட்டார்கள். தேதி தவறியது. பிரின்ஸ் என்ற திட்ட மேலாண்மை முறையைப் பின்பற்றுவதாகக் காகிதத்தில் இருந்தது, அதில் பழக்கமுள்ளவர் யாரும் இல்லை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அறையில் யார் எங்கே உட்கார்வது என்பதையும் அன்றே மாற்றினார்கள். காகிதத்தை எடுத்துவிட்டார்கள். தெரிந்தே தீர்க்காமல் விட்ட குறை 81 என்று பின்னால் விசாரணை அறிக்கை எண்ணிச் சொன்னது.

வண்டியில் இருப்பவர்கள் "கிளம்பிவிட்டேன்", "சேர்ந்துவிட்டேன்" என்று பட்டன் அழுத்த வேண்டும். அவசரத்தில் மாற்றி அழுத்தினார்கள், சில இடத்தில் ரேடியோ எடுக்கவில்லை. எந்த வண்டி எங்கே என்று கணினிக்குத் தெரியாமல் போனது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி, இன்னோர் இடத்துக்கு ஒன்றுமில்லை. வராததால் மக்கள் மறுபடி மறுபடி போன் செய்தார்கள், ஒவ்வொன்றும் புது அழைப்பாக வரிசையில் நின்றது. எச்சரிக்கைகள் திரையில் குவிந்து மேலே ஏறி மறைந்தன. சேர்த்துப் பிடிக்க அந்த மறுமுனை ஆள் இல்லை. கணினி படுத்துவிட்டது. இரண்டே நாளில் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

18 மார்ச், காலை 7.50

நேற்று எழுதியதில் "கணினி படுத்துவிட்டது" என்றது தவறு. அக்டோபர் 26-இல் கணினி படுக்கவில்லை. கட்டியபடியே ஓடியது, அதுதான் சங்கடம். நிஜமாகப் படுத்தது நவம்பர் 4. ஒரு புரோகிராமர் மூன்று வாரம் முன்னால் ஏதோ வேலைக்காகச் சேர்த்து, எடுக்க மறந்த ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு முறையும் சர்வர் நினைவகத்தில் கொஞ்சம் கடித்து, திருப்பித் தராமல், கடைசியில் முழுவதையும் தின்றுவிட்டது.

லண்டன் மென்பொருள் விஷுவல் பேசிக்கில் எழுதியது என்று இளக்காரம் செய்தவருக்கு: வி.பி.-யைத் திட்டாதீர்கள், எனக்குச் சோறு போட்டது. ஃபிளாப்பியைத் தின்றது காந்தம்தான், வி.பி. இல்லை.

லண்டன்காரர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். காகிதத்துக்குத் திரும்பினார்கள். பிறகு அவசரப்படாமல், வேலை செய்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் அழைப்பை வாங்கும் பகுதியை மட்டும் செய்து 1996-இல் ஓட்டினார்கள். அது நின்றது, மற்றதை அதன் மேல் சேர்த்தார்கள்.

2 ஏப்ரல், இரவு 11.10

தேர்தல் சத்தத்தில் இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.

வேலை செய்பவரை எப்படிப் பேசவைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்தது டி.எஃப்.டி., அதாவது தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம். ஸ்டென்சில் வைத்து வட்டம், அம்பு, ஜீரோ லெவல், முதல் லெவல். ஈரோட்டில் அந்தப் படத்தை கிளார்க்கிடம் காட்டினேன். மரியாதையாகத் தலையை ஆட்டினார். அடுத்த நாள் மாத காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, லாரி, குடோன், மேசை, ஆள் என்று குழந்தை மாதிரி வரைந்தேன். உடனே பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "வண்டி இந்தப் பக்கமாத்தான் ரிவர்ஸ்ல வரும். அப்புறம், இவன விட்டுட்டீங்களே" என்று ஒரு சுமைக்காரரை வரைந்தார். கடைசியில் இறங்க வேண்டிய சென்னை பண்டல் முதலில் உள்ளே போக வேண்டும், வழியில் இறங்குவது கதவோரம். எது முதலில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பவர் அந்தச் சுமைக்காரர். பாதி ஏறிப் பாதி நிற்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எங்கள் 140 பக்கத்தில் அவர் ஆளாகவே இல்லை.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் என்பவர் இந்த மாதிரிக் கைப்படத்தை ஒரு முறையாகவே வளர்த்து வைத்திருந்தார் என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆளுக்கு ஆள் பிரச்சினையே வேறாகத் தெரியும், அதனால் யார் கண்ணில் என்ன என்பதை முதலில் வரை என்பார்.

அதைவிட எனக்கு நெருக்கமானது வட ஐரோப்பாக்காரர்கள் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயில் கிறிஸ்டன் நிகார்ட், சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர், இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, கணினி வந்தால் உங்கள் வேலை என்ன ஆகும் என்று அவர்களையே ஆராயவைத்தார். அதன் தொடர்ச்சியாக 1981-இல் உட்டோப்பியா என்றொரு திட்டம். செய்தித்தாள் பக்கம் கட்டும் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஏற்ற கணினி அப்போது இல்லை. அதனால் அட்டையாலும் பலகையாலும் பொய்க் கணினி செய்தார்கள். திரைக்குப் பதில் காகிதம், லேசர் பிரிண்டருக்குப் பதில் வெறும் அட்டைப்பெட்டி, மேலே பெயர் எழுதி ஒட்டியது. பக்கம் கட்டும் ஆள் அதன் முன்னால் நின்று வேலை செய்கிற மாதிரி செய்து காட்டுவார். அட்டைதானே, "இது இங்கே வேண்டாம்" என்று பிய்த்துத் தூக்கிப்போட யாரும் பயப்படவில்லை. 26 டெமோவில் எனக்குக் கிடைக்காத ஒன்று அது. பளபளவென்று ஓடும் திரையைப் பார்த்து "இது தப்பு" என்று சொல்லப் பாதிப் பேருக்கு வாய் வராது.

21 ஏப்ரல், மாலை 6.30

தம்பி இன்னும் நிர்வாகியோடு மல்லுக்கு நிற்கிறார். வேலைக்கு ஆகிற மாதிரி சொல்கிறேன்.

உங்கள் மென்பொருளில் ஒரு பகுதி நீங்களோ நிர்வாகியோ மாற்ற முடியாதது. ஜி.எஸ்.டி. பில், காலாவதித் தேதி, தனிக் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்துக்குத் தனிப் பதிவேடு, அதை மூன்று வருஷம் வைத்திருப்பது. இது சட்டம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஸ்பிரிண்ட் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இதை முழுசாக எழுதி, விலை சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். வாட்டர்ஃபால் என்று யாராவது கேலி செய்தால் செய்யட்டும்.

இன்னொரு பகுதி உங்களுக்கும் தெரியாது, நிர்வாகிக்கும் தெரியாது. வார்டிலிருந்து மருந்து கேட்கும் இன்டென்ட் சீட்டு எப்படி வருகிறது, டிஸ்சார்ஜ் ஆனவர் திருப்பித் தருவது எங்கே போகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யு.-விலிருந்து ஓடி வருபவர் என்ன செய்கிறார். இதற்கு மொத்த விலை சொன்னால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள். முதல் மாதம் இதைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு சின்னத் தொகை கேளுங்கள். தர மறுத்தால் உங்கள் காசில் செய்யுங்கள், பின்னால் மிச்சம். எது பயமாக இருக்கிறதோ அதை முதலில் செய்.

வீடு உவமையைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் வீடு கட்டும்போது லின்டல் போட்ட பிறகு என் மாமியார் வந்து ஜன்னலைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னார். மாற்றினோம்.

பேரலல் ரன் பற்றி ஒரு எச்சரிக்கை. பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரு மாதம் ஓட்டுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஒரு ரைஸ் மில்லில் அப்படி ஓட்டினோம். முப்பது நாளும் லெட்ஜரும் கணினியும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. நாங்கள் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம். நாலாவது நாளிலிருந்தே கணக்கர் மதியம் டீ வேளையில் கணினியைப் பார்த்து லெட்ஜரை எழுதிக்கொண்டிருந்தார் என்பது தீபாவளிக்குத்தான் தெரிந்தது. இரட்டை வேலைக்கு இரட்டைச் சம்பளம் யாரும் தரவில்லையே. அத்தனை சுத்தமாக ஒத்துப்போகும்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

30 ஜூன், இரவு 9.45

தம்பியின் நீண்ட பதிலைப் படித்தேன். இரண்டு பகல், ஒரு ராத்திரி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், சபாஷ். பிஸ்கட் டப்பா ஒன்றில் வெட்டிய மாத்திரை அட்டைகள் கிடந்தன என்று எழுதியிருக்கிறார். வார்டிலிருந்து திரும்பி வந்தவை: நாலு மாத்திரை, மூன்று மாத்திரை. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடித்த ஓரம் வெட்டும்போதே போய்விட்டது. இவர்கள் எழுதிக் கையெழுத்து வாங்கிய திரையிலோ, திருப்பி எடுக்கும்போது பேட்ச் எண் கட்டாயம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பட்டியலில் முதலில் நிற்கும் பேட்ச்சைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். உங்கள் ஒரு ரூபாய்ச் சீட்டு அதுதான்.

நட்சத்திரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அந்த டப்பா எத்தனை நாளுக்கு ஒருமுறை காலியாகிறது, யார் காலி செய்கிறார், அட்டைகள் குப்பைக்குப் போகின்றனவா, மறுபடி யாருக்காவது போகின்றனவா? நிர்வாகியிடம் வேண்டாம், டப்பா அவருக்குத் தெரிந்திருக்காது. ராத்திரி ஷிஃப்ட் பெண் என்று ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, டப்பாவின் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ எழுதி வைத்திருக்கிறார் என்று. என்ன எழுதியிருக்கிறது?